குப்பிமேல் எழுதிய பெயர்

ஆய்வுக்கூடத்தில் வளரும் செல்களுக்கு அடையாளச் சோதனை செய்வது என் தொழில். புற்றுநோயோ, வைரஸோ, புதிய மருந்தோ, எதைப் பற்றிய ஆராய்ச்சியானாலும் விலங்குக்கும் மனிதருக்கும் போவதற்கு முன் முதல் சோதனை பெரும்பாலும் செல்களில்தான் நடக்கிறது. என்றோ ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டு, அன்று முதல் ஓயாமல் பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் வம்சத்தை ‘செல் லைன்’ என்கிறோம். அவற்றைச் சிறு குப்பிகளில் நிரப்பித் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, வேண்டும்போது எடுத்து உயிர்ப்பித்து வளர்ப்போம். செல்லின் பெயர், பாசேஜ் எண், தேதி, உறைய வைத்தவரின் முதலெழுத்து எல்லாம் குப்பிமேல் மார்க்கரால் எழுதியிருக்கும். அந்தப் பெயருக்குரிய செல்தான் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து எழுத்தில் கொடுப்பது என் பொறுப்பு.

பெரும்பாலான குப்பிகளில் பெயரும் செல்லும் பொருந்தியே இருக்கின்றன. பொருந்தாதவை மருத்துவ ஆராய்ச்சிக்குச் செய்திருக்கும் சேதம் மிகப் பெரியது. அதில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. இளம் ஆராய்ச்சி மாணவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இத்தனை படித்தவர்கள் எப்படிச் செல்லை மாற்றிவிடுவார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். கல்ச்சர் அறையில் சற்று நேரம் நின்றால் புரிந்துவிடும். ‘ஹுட்’ என்று நாங்கள் சொல்லும் சுத்தக் காற்று மேடையில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் செல்களை டிரிப்சின் விட்டுப் பெயர்த்து, புது மீடியா ஊற்றி, இரண்டு மூன்று ஃபிளாஸ்க்குகளாகப் பிரிப்போம். இதுதான் பாசேஜ். ஒரு ஸ்காலர் ஒரே காலையில் மூன்று செல் லைன்களைப் பாசேஜ் செய்வார். மூன்றுக்கும் ஒரே மீடியா பாட்டில் என்றால், ஒரு ஃபிளாஸ்க்கைத் தொட்ட பிப்பெட் முனை மறுபடி பாட்டிலுக்குள் போனாலே போதும். அடுத்த ஃபிளாஸ்க்குக்கு வேற்றுச் செல் போய்ச் சேர்ந்துவிடும். மேடையைத் துடைக்கும் ஆல்கஹால் பட்டு லேபிள் எழுத்து அழிந்துபோவது உண்டு. நைட்ரஜன் டேங்கிலிருந்து எடுக்கும்போது பக்கத்துக் குப்பி கையில் வருவது உண்டு. படிப்பை முடித்துப் போனவரின் கையெழுத்தைப் புதிதாக வந்தவர் வேறு மாதிரி வாசிப்பதும் உண்டு. இவை எல்லாமே ஒழுங்காக வேலை செய்யும் கூடங்களிலும் நடப்பவை.

கலந்தது ஒரே ஒரு செல்தானே என்று விட்டுவிட முடியாது. பத்து லட்சம் செல்கள் உள்ள ஃபிளாஸ்க்கில் ஹீலா என்ற வேகமாக வளரும் செல் ஒன்றே ஒன்று விழுந்ததாக வைத்துக்கொள்வோம். ஹீலா ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிக்கும். ஏற்கெனவே இருந்த செல் இரட்டிக்க இரண்டு நாள் எடுக்கும் வகை என்றால், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஹீலாவின் விகிதம் இரு மடங்காகும். நாற்பதாம் நாளில் இரண்டும் சரிபாதி. அறுபதாம் நாளில் ஆயிரம் ஹீலாவுக்கு நடுவே பழைய செல் ஒன்று மிஞ்சும். பாசேஜ் செய்யும்போதெல்லாம் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியை எறிகிறோம் அல்லவா? அந்த ஒன்றும் சீக்கிரமே போய்விடும். லேபிளில் மட்டும் பழைய பெயர் இருக்கும். அந்த ஃபிளாஸ்க்கிலிருந்து புதுக் குப்பிகள் உறைய வைக்கப்படும், பக்கத்துக் கூடத்துக்கு ஒன்று போகும், அங்கிருந்து வெளியூருக்கு ஒன்று போகும்.

நுண்நோக்கியில் தெரியாதா என்று கேட்பார்கள். நார்த்திசுச் செல்லையும் எபிதீலியம் என்ற தோல்வகைச் செல்லையும் கண்ணால் பிரிக்கலாம். ஆனால் நுரையீரல், குடல், கல்லீரல், கருப்பைவாய் என்று எங்கிருந்து வந்த எபிதீலியச் செல்லானாலும் பிளாஸ்டிக்கில் ஒட்டி வளரத் தொடங்கி நாளானால் பெரும்பாலும் ஒரே மாதிரியான பல்கோணக் கற்களைப் பதித்த தரையாகத்தான் தெரியும். எத்தனை அனுபவம் உள்ளவரும் பார்வையை மட்டும் நம்பிச் சான்று கொடுக்கக் கூடாது.

ஹீலாவின் கதை தெரியாமல் இந்தப் பிரச்சினை புரியாது. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு வந்தார். வயது 30. ஐந்து குழந்தைகளின் தாய். அவருடைய கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு, அவரிடம் கேட்காமலே, ஜார்ஜ் கை என்ற ஆய்வாளரின் கூடத்துக்குப் போயிற்று. மனிதச் செல்லை உடம்புக்கு வெளியே நிரந்தரமாக வளர்க்க முடியாமல் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்தச் செல்கள் நிற்காமல் வளர்ந்தன. பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஹீலா என்றார்கள். ஜார்ஜ் கை அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஹென்ரியட்டா அதே ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார். உலகின் ஆய்வுக்கூடங்கள் எங்கும் ஹீலா பரவியது. 1950களிலும் 60களிலும் வேறு வேறு உறுப்புகளிலிருந்து புதிய மனிதச் செல் லைன்கள் உருவானதாக அடுத்தடுத்து அறிவிப்புகள் வந்தன.

1966இல் பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டில் நடந்த மாநாட்டில் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் பேசினார். ஜி6பிடி என்ற நொதி மனிதர்களில் சிறு வேறுபாடுகளோடு இருக்கிறது. அதில் ‘ஏ’ வகை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம்தான் காணப்படும், வெள்ளையரிடம் இல்லையென்றே சொல்லலாம். தனித்தனியாக உருவாக்கப்பட்டவை என்று நம்பப்பட்ட 18 மனிதச் செல் லைன்களைக் கார்ட்லர் சோதித்திருந்தார். பதினெட்டிலும் ‘ஏ’ வகை. வெள்ளையரிடமிருந்து எடுத்ததாகப் பதிவு உள்ளவையும் அவற்றில் இருந்தன. ஹீலாவின் நொதியும் ‘ஏ’ வகை. எல்லாவற்றிலும் ஹீலா புகுந்துவிட்டது என்பதே பொருத்தமான விளக்கம் என்றார். அரங்கில் இருந்தவர்கள் பலர் அந்தச் செல்களை வைத்தே பெயர் வாங்கியவர்கள். லியனார்ட் ஹேஃப்ளிக் என்ற ஆய்வாளர் தன் மகள் பிறந்தபோது கிடைத்த பனிக்குடச் சவ்விலிருந்து வளர்த்து, மகள் பெயரையும் சேர்த்துப் பெயரிட்ட ‘விஷ்’ என்ற செல் லைனும் ஹீலாதான் என்று தெரியவந்தது.

கார்ட்லர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. அடுத்த பத்தாண்டில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் வால்டர் நெல்சன்-ரீஸ் குரோமோசோம்களுக்குச் சாயமேற்றி, ஹீலாவுக்கே உரிய சில அடையாளக் குரோமோசோம்களைக் கண்டுகொண்டார். அவை தென்பட்ட செல் லைன்களைப் பட்டியலிட்டு, எந்தக் கூடத்திலிருந்து வந்தவை என்பதையும் சேர்த்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். சோவியத் ஆய்வாளர்கள் அமெரிக்காவுக்குக் கொடுத்த செல்களும் ஹீலா என்று அந்தக் காலத்தில்தான் தெரிந்தது. பெயரைச் சொல்லிக் காட்டிய நெல்சன்-ரீஸுக்குக் கிடைத்தது பகையே. 1980களின் தொடக்கத்தில் அவர் வேலையிலிருந்து விலகினார், பட்டியலும் நின்றது. அவர் கண்டது சரி என்று பின்னால் வந்த டிஎன்ஏ சோதனை ஒவ்வொன்றாக நிரூபித்தது. என் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் அவர்.

ஹென்ரியட்டாவின் குடும்பத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஹீலாவைப் பிற செல்களிலிருந்து பிரித்தறிய வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அவருடைய பிள்ளைகளிடம் ரத்தம் கேட்டு வந்தார்கள். தாயின் செல்கள் உயிரோடு இருப்பது அந்தக் குடும்பத்துக்கு அந்தக் காலத்தில்தான் தெரிந்தது. இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு! அடையாளச் சோதனை செய்யும் ஒவ்வொருவரும் இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். நாங்கள் எண்களாகப் படிப்பது ஒரு மனிதரின் அடையாளத்தை.

நம் ஊர்க் கூடங்களுக்கு வருகிறேன். ‘கேபி’ என்றொரு செல் லைன். வாய்ப்புற்றுநோய்ச் செல் என்று 1950களில் வெளியானது. ‘ஹெப்-2’ குரல்வளைப் புற்று என்றும், ‘இன்ட்-407’ குடல் என்றும், ‘சாங் லிவர்’ கல்லீரல் என்றும் வந்தன. நான்குமே ஹீலா. புகையிலையும் பாக்கும் வாய்ப்புற்றுநோயை இத்தனை பேருக்குக் கொடுத்திருக்கும் இந்தியாவில் கேபி செல்லை வாய்ப்புற்றாக வைத்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. மூலிகைச் சாறுகளின் நச்சுத்தன்மையைப் பார்ப்பவர்கள் சாங் லிவரை ‘நார்மல்’ கல்லீரல் என்று எழுதுகிறார்கள். வாயைப் பற்றிச் சொல்வதும் கல்லீரலைப் பற்றிச் சொல்வதும் கடைசியில் ஒரே பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியைப் பற்றியதாக இருக்கிறது.

எல்லாப் பயன்பாடும் தவறு என்று சொல்லமாட்டேன். முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் செய்யும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனைக்கு ஹெப்-2 செல்கள்தான் இன்றும் ஸ்லைடில் ஒட்டி வருகின்றன. அங்கே தேவைப்படுவது பெரிய, தெளிவான மனித நியூக்ளியஸ். குரல்வளையிலிருந்து வந்ததா, கருப்பைவாயிலிருந்து வந்ததா என்பது அந்தச் சோதனையின் விடையை மாற்றாது. உறுப்பைப் பற்றி ஒரு முடிவு சொல்லும் இடத்தில்தான் பொய்ப்பெயர் கெடுதலாகிறது.

ஹீலா மட்டுமே குற்றவாளி என்றும் நினைக்க வேண்டாம். ‘எம்டிஏ-எம்பி-435’ மார்பகப் புற்றுநோய் பரவும் விதத்தைப் படிக்க உலகமெங்கும் பயன்பட்ட செல். 2000ஆம் ஆண்டு மரபணு வெளிப்பாட்டுச் சோதனையில் அது மெலனோமா என்ற தோல் புற்றுச் செல்களோடு சேர்ந்து நின்றது. எம்14 என்ற மெலனோமா செல்லும் அதுவும் ஒன்றே என்று பிறகு உறுதியாயிற்று. ‘இசிவி304’ தொப்புள்கொடி ரத்தக்குழாயின் உள்வரிச் செல் என்று 1990இல் ஜப்பானிலிருந்து வந்தது. உண்மையில் அது டி24 என்ற சிறுநீர்ப்பைப் புற்று. ரத்தக்குழாய் பற்றி அதை வைத்து எழுதியவை ஏராளம்.

என்னை மிகவும் பாதித்தது உணவுக்குழாய் விவகாரம். உணவுக்குழாய் அடினோகார்சினோமா அரிதான நோய், அதற்கென்று இருந்த செல் லைன்கள் சிலவே. அவற்றில் மூன்று அந்த நோயின் செல்களே அல்ல என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒன்று நுரையீரல் புற்று, ஒன்று பெருங்குடல் புற்று, மற்றொன்று இரைப்பைப் புற்று. அதற்குள் அந்த மூன்றையும் வைத்து நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளும் 11 அமெரிக்கக் காப்புரிமைகளும் வந்துவிட்டன. அந்த முடிவுகளை ஆதாரமாகக் கொண்டு நோயாளிகளைச் சேர்க்கும் மருந்துச் சோதனைகளும் நடந்துகொண்டிருந்தன. கூடத்தில் நடந்த கலப்பு அப்படியே மருத்துவமனைக் கட்டில்வரை போய்விட்டது.

நான் செய்யும் சோதனையின் பெயர் எஸ்டிஆர். நம் டிஎன்ஏவில் சில இடங்களில் நான்கு எழுத்துகள் கொண்ட சிறு தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓர் இடத்துக்குத் தாயிடமிருந்து ஓர் எண், தந்தையிடமிருந்து ஓர் எண். குற்ற வழக்குகளிலும் தந்தை யார் என்ற வழக்குகளிலும் பயன்படுவது இதே முறைதான். செல்லிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, ஒளிரும் சாயம் சேர்த்த பிரைமர்களால் பிசிஆரில் பெருக்கி, நுண்குழாய் வழியாக ஓட்டினால் திரையில் வண்ண வண்ணச் சிகரங்கள் எழும். ஒவ்வொரு சிகரத்தின் அடியிலும் ஓர் எண். எட்டு இடங்களும் பாலினத்தைக் காட்டும் அமெலோஜெனின் என்ற ஓரிடமும் அடிப்படை. இப்போது அதற்கு மேலும் இடங்களைப் பார்க்கிறோம். தொடர்பில்லாத இருவருக்கு எட்டு இடத்திலும் எண்கள் ஒத்துப்போவது பல கோடியில் ஒரு வாய்ப்பு.

கிடைத்த எண்களைச் செல் வங்கிகளின் பதிவோடு ஒப்பிடுவோம். புற்றுச் செல்கள் வளர வளரச் சில எண்களை இழக்கும் என்பதால் நூற்றுக்கு நூறு எதிர்பார்ப்பதில்லை. 80 சதவீதமும் அதற்கு மேலும் ஒத்தால் ஒரே நபரிடமிருந்து வந்தவை என்று கொள்வது சர்வதேச வழக்கம். ஹீலாவின் வரிசை எனக்கு மனப்பாடம்: டிஎச்01 இடத்தில் 7, டிபிஓஎக்ஸ் 8, 12, சிஎஸ்எஃப்1பிஓ 9, 10, விடபிள்யூஏ 16, 18. டி13எஸ்317 என்ற இடத்தில் 12ஐ அடுத்து 13.3. பதின்மூன்று முழுத் தொடரும் அதற்கு மேல் மூன்று எழுத்தும் என்று பொருள். மிக அரிதான எண் இது. வழக்கமான 13க்கும் 14க்கும் நடுவில், 14க்கு ஓர் எழுத்து முன்னால் அந்தச் சிகரம் நிற்கும். கல்லீரல், குடல், வாய் என்று எந்தப் பெயரில் வந்த மாதிரியானாலும் அந்த இடத்தில் அந்தச் சிகரம் தெரிந்தவுடன் மற்ற எண்களைப் பார்ப்பதற்கு முன்பே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும். பிறகு பாப்பிலோமா வைரஸ் 18ஆம் வகையின் மரபணுத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்போம். ஹீலாவின் டிஎன்ஏவில் அந்த வைரஸின் துண்டு ஒட்டியிருப்பதை 1980களில் ஹரால்ட் சூர் ஹாசனின் குழு கண்டது. ‘கல்லீரல்’ செல்லில் கருப்பைவாய்ப் புற்றின் வைரஸ் இருந்தால் மேலே பேச்சே இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு கல்லூரியிலிருந்து முனைவர் பட்ட மாணவி இரண்டு மாதிரிகளோடு வந்தார். ஒரு செடியின் இலைச்சாறு கல்லீரல் புற்றுச் செல்லைக் கொல்கிறது, நல்ல கல்லீரல் செல்லுக்குத் தீங்கு செய்வதில்லை என்பது ஆய்வேட்டின் மையம். கட்டுரையை ஏற்க இதழ் அடையாளச் சான்று கேட்டிருந்தது. புற்றுச் செல் ஹெப்ஜி2, நல்ல செல் சாங் லிவர்.

“இதைச் சோதிக்கவே வேண்டாம்மா. சாங் லிவர்னா ஹீலாதான். தப்பான பேர்ல இருக்கிற செல்களோட ரிஜிஸ்டர்லயே இருக்கு” என்றேன்.

“எங்க லேப்ல எல்லாரும் இதைத்தான் நார்மல்னு யூஸ் பண்றோம் அக்கா. சீனியர்ஸ் பேப்பர்லயும் அப்படித்தான் இருக்கு. நீங்க டெஸ்ட் பண்ணியே சொல்லுங்க.”

அவர் கேட்டது நியாயம். என் வாய்ச்சொல்லையும் அவர் நம்ப வேண்டியதில்லை. சோதனை செய்தோம். ஹெப்ஜி2 சரியாக வந்தது. சாங் லிவரில் 13.3, வைரஸும் இருந்தது. மாணவியின் கைடு போனில் அழைத்தார்.

“மேடம், போன்ல சொல்லிட்டீங்கல்ல, அது போதும். ரிப்போர்ட்டா அனுப்ப வேண்டாமே.”

“சார், சாம்பிள் வந்தா ரிப்போர்ட் போகணும். அந்தப் பொண்ணோட தீசிஸ்ல நாளைக்கு யாராவது கேட்டா அவங்க கையில இது இருக்கணும்.”

அவருக்கு வருத்தம்தான். அறிக்கை போயிற்று. அந்தப் பெண் அழுதார், பிறகு உட்கார்ந்து யோசித்தார். சோதனைகளில் கிடைத்த அளவுகள் பொய்யல்ல, அவற்றுக்குக் கொடுத்த பொருள்தான் பொய். சாறு ஒரு கல்லீரல் புற்றுச் செல்லைக் கொல்கிறது, ஹீலாவை அந்த அளவில் கொல்வதில்லை. உண்மையில் தெரிந்தது இவ்வளவே. நல்ல கல்லீரலுக்குத் தீங்கில்லை என்ற வரியை எடுத்துவிட்டு, செல்லின் சரியான பெயரைப் போட்டு, எலியின் கல்லீரலிலிருந்து நேரடியாகப் பிரித்த செல்களில் நச்சுச் சோதனையைத் திரும்பச் செய்தார். பட்டம் தாமதமாயிற்று. ஆனால் அந்த ஆய்வேட்டில் உள்ள எந்த வரியையும் அவர் யார் முன்னாலும் நின்று சொல்லலாம். அந்த வரி அப்படியே அச்சாகியிருந்தால், மூலிகை என்றாலே பாதுகாப்பு என்று நம்பும் நம் மக்களில் யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சாற்றைக் குடித்திருக்கவும் கூடும்.

எஸ்டிஆர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. யாருடைய செல் என்று சொல்லும், எந்த உறுப்பு என்று சொல்லாது. ஒப்பிட மூலப் பதிவு சரியாக இருக்க வேண்டும். ‘யு87’ என்ற மூளைப்புற்றுச் செல் 1960களில் சுவீடனின் உப்சாலாவில் உருவானது. உலகம் முழுதும் பயன்படும் யு87இன் டிஎன்ஏ, உப்சாலாவில் பாதுகாத்த மூலக் கட்டியின் டிஎன்ஏவோடு ஒத்துப்போகவில்லை என்று 2016இல் தெரிந்தது. அதுவும் மூளைப்புற்றாகத்தான் தெரிகிறது, ஆனால் யாருடையது என்று தெரியாது. ஆகவே புதிதாகச் செல் லைன் உருவாக்குகிறவர்கள் நோயாளியின் ரத்தத்தையோ திசுவையோ ஒரு சிறு அளவு பத்திரப்படுத்துவது கடமை.

மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவையும் சொல்லிவிடுகிறேன். செல்சுவர் இல்லாததால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. வழக்கமான வடிகட்டியிலும் நழுவிவிடும். மீடியா கலங்காது, செல் சாகாது. உள்ளுக்குள் செல்லின் வளர்ச்சியையும் மரபணு வெளிப்பாட்டையும் மாற்றிக்கொண்டிருக்கும். செல் சரியானதே என்றாலும் முடிவு தவறாகும். டிஎன்ஏவில் ஒட்டும் சாயத்தாலோ பிசிஆராலோ அதைக் கண்டுபிடிப்பது எளிது. எங்களிடம் வரும் ஒவ்வொரு மாதிரியிலும் முதலில் இதைத்தான் பார்க்கிறோம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தொடர்கிறது? பணம் காரணமல்ல. ஒரு செல்லுக்கு எஸ்டிஆர் செய்ய ஆகும் செலவு ஒரு பாட்டில் நல்ல சீரம் வாங்கும் பணத்தைவிடக் குறைவு. தயக்கம்தான் காரணம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். செல்லைக் கொடுத்தவர் சீனியராகவோ நண்பராகவோ கைடின் கைடாகவோ இருப்பார். “இது அதுதானா?” என்று கேட்பது அவரைச் சந்தேகிப்பதுபோல் தோன்றுகிறது. கேட்டுத் தவறு என்று தெரிந்துவிட்டால் பழைய கட்டுரைகளை என்ன செய்வது என்ற பயம் வேறு. ரத்த வங்கியில் பையின் லேபிளை மட்டும் நம்பி யாரும் ரத்தம் ஏற்றுவதில்லை, கிராஸ் மேட்ச் செய்துவிட்டே ஏற்றுகிறார்கள். லேபிள் ஒட்டியவர் அதை அவமானமாக நினைப்பதில்லை. கல்ச்சர் அறையிலும் அந்த வழக்கம் வர வேண்டும்.

உலக அளவில் நிலைமை மாறிவருகிறது. 2012இல் ஐசிஎல்ஏசி என்ற சர்வதேசக் குழு அமைந்து, தவறான பெயரில் உலவும் செல் லைன்களின் பதிவேட்டை நடத்துகிறது. ஆஸ்திரேலியாவின் அமாண்டா கேப்ஸ்-டேவிஸ் போன்றவர்களின் உழைப்பு அது. ஐந்நூறுக்கு மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் அமோஸ் பைரோக் உருவாக்கிய செல்லோசாரஸ் என்ற தகவல் தொகுப்பில் செல்லின் பெயரைத் தட்டினால் அதன் வரலாறும், பதிவாகியிருந்தால் எஸ்டிஆர் எண்களும், பிரச்சினை இருந்தால் எச்சரிக்கையும் இலவசமாகக் கிடைக்கும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2016 முதல் நிதி கேட்பவர்களிடம் செல்களின் அடையாளத்தை எப்படி உறுதிசெய்வீர்கள் என்று கேட்கின்றன. நல்ல இதழ்கள் சான்று கேட்கின்றன.

பழைய கட்டுரைகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. நெதர்லாந்தின் நெய்மேகன் நகர ஆய்வாளர்கள் இருவர் 2017இல் கணக்கெடுத்தார்கள். தவறான அடையாளம் கொண்ட செல்களை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகள் 32,755. அவற்றை மேற்கோள் காட்டியவை ஏறக்குறைய ஐந்து லட்சம். இவற்றில் மிகச் சிலவற்றின்மேல் மட்டுமே எச்சரிக்கைக் குறிப்பு இருக்கிறது. மீதியைப் படிக்கும் மாணவர் அப்படியே நம்பித்தான் படிப்பார்.

ஆராய்ச்சிக்குள் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். செல்லைப் பக்கத்து லேபில் கடன் வாங்காதீர்கள். புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற செல் வங்கியிலிருந்து உங்கள் கூடத்தின் பெயரில் வாங்குங்கள். வாங்குவதற்கு முன் ஐசிஎல்ஏசி பதிவேட்டிலும் செல்லோசாரஸிலும் அதன் பெயரைத் தேடுங்கள். வங்கியில் கிடைக்கிறது என்பதாலேயே பெயர் சரி என்று ஆகிவிடாது. வந்தவுடன் சில குப்பிகளை உறைய வைத்துவிட்டு, அவற்றில் ஒன்றை எஸ்டிஆருக்கும் மைக்கோபிளாஸ்மாவுக்கும் அனுப்புங்கள். ஒரு நேரத்தில் ஒரு செல் லைனை மட்டும் ஹுட்டில் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மீடியா பாட்டில் வையுங்கள், ஹீலாவைக் கடைசியில் தொடுங்கள். ஆய்வேடு முடிக்கும் முன் இன்னொரு முறை சோதியுங்கள். கைடுகளுக்கும் ஒன்று சொல்வேன்: உங்கள் மாணவர் “சார், இதைச் சோதிக்கலாமா?” என்று கேட்டால் அவரைத் தட்டிக்கொடுங்கள். அவர் காப்பாற்றுவது உங்கள் பெயரையும் சேர்த்துத்தான். உங்கள் பழைய கட்டுரையில் பொய்ப்பெயர்ச் செல் இருந்தால் இதழுக்கு ஒரு திருத்தம் அனுப்புங்கள். அதை எழுத ஒரு பிற்பகல் போதும். அனுப்பாமல் விட்டால் அந்தக் கட்டுரையை நம்பி இன்னொரு மாணவர் தன் வருஷங்களைத் தொலைப்பார்.